குளித்தலை சாந்திவனம்: பிரசங்கம் இல்லாத தியானம்

தியானக் கூட்டம் என்றால் நம் கிறிஸ்தவ சபைகளில் மேடை, மைக், மூன்று வேளை தேவசெய்தி என்றுதான் பழக்கம். குளித்தலைக்குப் பக்கத்தில், தண்ணீர்பள்ளி காவிரிக் கரையில் இருக்கும் சச்சிதானந்த ஆசிரமத்தில் அது எதுவும் கிடையாது. சாந்திவனம் என்றால்தான் பலருக்குத் தெரியும். வயலைப் பாருங்கள், பறவையைப் பாருங்கள் என்று யாரும் உட்காரவைத்துப் பாடம் எடுப்பதில்லை. தோப்பு இருக்கிறது, ஆறு இருக்கிறது, மீதி உங்கள் பாடு. தாவரவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது.

பிரான்சிலிருந்து வந்த இரண்டு கத்தோலிக்கக் குருக்கள் 1950ல் தொடங்கிய இடம் இது. 1968ல் பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி பொறுப்பேற்றார். 1993ல் இங்கேயே காலமானார், கல்லறையும் இங்கேதான். காவி உடை, தரையில் அமர்ந்து சைவச் சாப்பாடு, காலையும் மாலையும் ஒரு மணி நேரம் தியானம். அறை எளிமையானது, அதற்கு மேல் எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

பூசையை, அதாவது கத்தோலிக்கத் திருப்பலியை மட்டும் தவற விடாதீர்கள். நான் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபை, அதனால் நன்மை (பூசையில் தரும் அப்பம்) வாங்க முடியாது, ஆனாலும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். காணிக்கை நேரத்தில் பீடத்தைச் சுற்றித் தண்ணீர் தெளிக்கிறார்கள், நம் மேலும் தெளிக்கிறார்கள். அப்பமும் திராட்சை ரசமும் இருக்கும் தட்டில் எட்டுத் திசைக்கு எட்டுப் பூ வைக்கிறார்கள். அப்புறம் தூபம், கடைசியாகக் கற்பூர ஆரத்தி. நீர், நிலம், காற்று, நெருப்பு நான்கும் படைத்தவரிடமே திரும்பப் போகின்றன. கனிமரங்களையும் பறவைகளையும் கர்த்தரைத் துதிக்கக் கூப்பிடும் 148ஆம் சங்கீதத்தைச் சிறு வயதிலிருந்து வாசிக்கிறேன். அவை ஆராதனைக்கு உள்ளேயே வந்து நின்றதை அங்கேதான் பார்த்தேன்.

காலை ஜெபத்தில் சந்தனம், மதியம் குங்குமம், மாலையில் விபூதி தருவார்கள். நம்மில் சிலருக்கு இது உறுத்தும் என்று தெரியும். நான் சந்தனம் மட்டும் வைத்துக்கொண்டேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆற்றுப் பக்கம் போகும் வழியில் ஒரு வாழைத் தோட்டம். தார் வெட்டிய மரங்களை அடியோடு சாய்க்காமல் இடுப்பு உயரத்துக்கு விட்டிருந்தார்கள். "ஏன் அண்ணே, இதை எடுக்கலையா?" என்று கேட்டேன். "கன்னு குடிக்கட்டும்மா" என்றார் தோட்டக்காரர். குனிந்து பார்த்தேன். வெட்டுவாயில் சாறு கசிந்துகொண்டிருந்தது, நடுவில் பூத்தண்டு வெள்ளையாகத் தெரிந்தது, அடியில் முழங்கால் உயரக் கன்று. வாழைக்கு வெளியே தெரிவது தண்டே இல்லை, ஒன்றன்மேல் ஒன்று சுற்றிய இலையுறைகள்தான். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு. ஒரே ஒரு தார் போடும், அதோடு அந்த மரத்தின் காலம் முடிந்தது, மிச்சமிருக்கும் நீரும் சத்தும் கன்றுக்கு இறங்கும். இதை வகுப்பில் எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். கோதுமை மணி செத்தால்தான் பலன் தரும் என்று ஆண்டவர் சொன்னதை அவர் ஊர் ஜனங்கள் எவ்வளவு சுலபமாகப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்பது அந்த வரப்பில் நிற்கும்போதுதான் விளங்கியது. கோதுமை வயலைப் பார்க்காத நமக்கு வாழை இருக்கிறது.

எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்கு: வழக்கம்போல ஜூன் 12 மேட்டூர் திறந்தால், பிறகு ஆற்றில் தண்ணீர் பார்க்கலாம். பெரும்பாலோர் அதைத்தான் சொல்வார்கள். நான் கோடையைத்தான் சொல்வேன். வெயில் கடுமைதான். ஆனால் மணல் வெளியாகக் கிடக்கும் ஆற்றின் ஓரத்தில் தென்னை பச்சையாகவே நிற்கும், வேருக்கு எட்டும் ஆழத்தில் ஈரம் இருக்கிறது. எரேமியா 17ல் வரும் அந்த மரம், மழைத்தாழ்ச்சியான வருஷத்திலும் காய்க்கிற மரம், இதுதான். ஆறு நிறைய ஓடும்போது போனால் இது கண்ணில் படாது.

குழந்தைகளோடு குடும்பமாகப் போக ஏற்ற இடமல்ல, மௌனம் அவர்களுக்குப் பாரம். பாட்டும் சாட்சியும் வேண்டும் என்பவர்களுக்கும் இது சரிப்படாது. தனியாகவோ ஒரு சிநேகிதியோடோ போங்கள். முன்கூட்டியே எழுதி இடம் உறுதி செய்துகொள்ளுங்கள். திருச்சி–கரூர் பாதையில் குளித்தலையில் ரயில் நிற்கும், அங்கிருந்து ஆட்டோ. மாலை ஜெபத்துக்கு முன்பே போய்ச் சேர்வது நல்லது.