குறிப்பேட்டைப் புரட்டுவதா, ஆளைக் கூப்பிடுவதா?

அச்சுக்குப் போகும் முன் ஒரு கட்டுரையின் தகவல்களைச் சரிபார்க்க இரண்டு வழிகள் உண்டு. எழுதியவரின் குறிப்புகள், ஒலிப்பதிவு, காப்பகம் ஆகியவற்றோடு வரி வரியாக ஒப்பிடுவது முதல் வழி. கட்டுரையில் வரும் ஆட்களை வேறொருவர் மறுபடி கூப்பிட்டுக் கேட்பது இரண்டாவது.

முதல் வழிக்குப் பேர்போனது ஜெர்மனியின் 'டெர் ஸ்பீகல்' வார இதழ். சரிபார்ப்புக்கென்றே அங்கே பெரிய தனித்துறை இருக்கிறது. ஆண்டு, பதவி, ஊர்ப்பெயர் போன்றவற்றில் இந்த வழியை மிஞ்ச முடியாது. அப்படியிருந்தும், கிளாஸ் ரெலோட்டியஸ் என்ற நிருபர் இல்லாத ஆட்களையும் நடக்காத காட்சிகளையும் அதே இதழில் பல ஆண்டுகள் எழுதிவந்தார், விருதுகளும் வாங்கினார். 2017-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஃபெர்கஸ் ஃபால்ஸ் ஊரைப் பற்றி எழுதியபோது, அந்நகர நிர்வாகி கடலையே பார்த்ததில்லை என்று ஒரு வரி. அவர் பார்த்திருந்தார். ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். 2018-ல் குட்டு உடைந்ததும் அப்படித்தான். வேறொரு கட்டுரையை அவரோடு சேர்ந்து எழுதிய நிருபர் ஹுவான் மொரேனோ, ரெலோட்டியஸ் சந்தித்ததாகச் சொன்ன ஆட்களைத் தேடிப்போனார். ரெலோட்டியஸைப் பார்த்ததே இல்லை என்றார்கள். குறிப்பேடே பொய்யென்றால் அதோடு ஒப்பிட்டு என்ன பயன்?

அமெரிக்காவின் 'நியூ யார்க்கர்' இதழின் சரிபார்ப்பாளர்கள் ஆட்களையே கூப்பிடுகிறார்கள். நேரம் பிடிக்கும் வேலை. சொன்னதைச் சொல்லவில்லை என்று பின்வாங்குபவர்களும் உண்டு; அப்போது ஒலிப்பதிவுதான் கைகொடுக்கும். அங்கேயும் முதல் வழி தேவை. மற்றபடி என் ஓட்டு இரண்டாவதற்கே.

ஆனால் சரிபார்ப்பவரின் சொல் எடுபட வேண்டும். 2014-ல் அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் வெளியிட்ட வர்ஜீனியா பல்கலைக்கழக வல்லுறவுக் கட்டுரையில், முக்கிய சாட்சிகளான, புகார் சொன்ன மாணவியின் மூன்று நண்பர்களிடம் நிருபர் பேசவே இல்லை. சரிபார்ப்பாளர் இந்தக் குறையைச் சுட்டியும் கட்டுரை அப்படியே வெளிவந்தது. 2015 ஏப்ரலில் இதழ் அதைத் திரும்பப் பெற்றது.

தினசரியின் டெஸ்க்கில் எல்லோரையும் கூப்பிட நேரமில்லை என்பது நியாயம்தான். பெயரையும் எண்களையும் ஆவணத்தோடு ஒப்பிட்டு முடித்துவிடலாம். குற்றச்சாட்டுக்கு ஆளானவரை மட்டும் கூப்பிடாமல் பக்கத்தை அச்சுக்கு அனுப்பக் கூடாது. அவர் எடுக்கவில்லை என்றால் மறுபடி கூப்பிட வேண்டும். அதற்குள் பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் நேரம் வந்துவிட்டால், அந்தச் செய்தி அடுத்த நாள் பதிப்புக்குப் போகட்டும்.