மூன்று பேனல் கேன்வாஸ்: சந்துக்குள் போன கொக்கு

நண்பர் ஒருவர் தன் குடும்பப் படத்தை மூன்று பேனல் கேன்வாஸாகப் போடலாமா என்று கேட்டார். அதாவது ஒரே படத்தைத் துணியில் மூன்று துண்டாக அச்சிட்டு, மூன்று மரச்சட்டங்களில் இழுத்து அடித்து, சற்று இடைவெளி விட்டு வரிசையாக மாட்டுவது. என் வீட்டுச் சுவரில் ஏரிக்கரைப் படம் ஒன்று அப்படி வெகுநாளாகத் தொங்குகிறது. அச்சிலோ நிறத்திலோ குறை இல்லை. பளபளப்பில்லாத மேட் கேன்வாஸில் கறுப்பு கொஞ்சம் வெளிறும் என்பதால் நிழல் பகுதிகளை முன்கூட்டியே வெளிச்சமாக்கிக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். எனக்குப் பேச வேண்டியது பேனல்களுக்கு நடுவே உள்ள ஒன்றரை அங்குலச் சந்து பற்றி.

பல இடங்களில் ஒரே ஃபைலை வாங்கி மூன்றாக நறுக்கி, துணி மடிந்து சட்டத்தின் கனத்தை மூடும் பக்கவாட்டுக்குப் படத்தின் ஓரத்தையே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். சந்து விட்டு மாட்டியதும் சாய்ந்த கோடுகள் எல்லாம் உடையும். மலைச்சரிவு ஒரு பேனலில் முடிந்த அதே உயரத்தில் அடுத்ததில் தொடங்கும். நடுவே இறங்கியிருக்க வேண்டிய இறக்கம் காணாமல் போயிருக்கும்.

அதனால் நானே வெட்டிக் கொடுத்தேன். பேனல் 16-க்கு 24 அங்குலம், சட்டத்தின் கனம் ஒன்றரை. இரண்டு சந்துகளையும் படத்தின் பகுதியாக எடுத்துக்கொண்டால் முகப்பு 51 அங்குலம். மடிப்புக்கும் பின்னால் ஸ்டேப்ளர் அடிக்கவும் சுற்றிலும் இரண்டிரண்டு சேர்த்தால் 55-க்கு 28. சந்துக்குள் விழும் படம் இருபுறப் பேனல்களின் பக்கவாட்டிலும் வர வேண்டும் என்பதால், பக்கத்துப் பக்கத்து ஃபைல்கள் இரண்டிலும் அதே இரண்டரை அங்குலப் படம் இருக்கும். 6000 பிக்சல் அகலப் படத்துக்கு அங்குலத்துக்கு 109 பிக்சல்தான் தேறியது. 150 இருந்தால் நிம்மதி; ஆனாலும் நாலடி தள்ளி நின்றால் கேன்வாஸின் நெசவு மறைத்துவிடுகிறது.

கரையில் நின்ற கொக்கு சரியாக முதல் சந்துக்குள் போய்விட்டது. நேரே நின்றால் அது இல்லை. இடப்பக்கம் சாய்வாக நின்றால் இரண்டாம் பேனலின் பக்கவாட்டில் நிற்கிறது. வலப்பக்கம் போனால் முதல் பேனலின் பக்கவாட்டில். சந்தும் சட்டக் கனமும் ஒரே அளவு என்பதால், ஏறக்குறைய 45 பாகையில் சந்து மூடிக்கொண்டு அந்த இடத்தில் ஏரி முழுசாகத் தெரிகிறது. கண்ணாடிப் பிம்ப மடிப்பில் இது கிடைக்கவே கிடைக்காது. வருகிறவர்களை எல்லாம் ஓரமாக நிற்கவைத்துக் காட்டுகிறேன்.

எரிச்சல் நடுப் பேனலில். கையால் இழுத்து அடிக்கும்போது கேன்வாஸ் இரண்டு மில்லிமீட்டர் மேலே நழுவியிருக்கிறது. மேகமோ மரமோ என்றால் யாருக்கும் தெரியாது. இது நேர்கோடாக ஓடும் நீர்மட்டம். ஆணியை இறக்கினால் நீர்மட்டம் சேர்கிறது, பேனலின் மேல் விளிம்பு இறங்கிவிடுகிறது. விளிம்பைச் சேர்த்தால் தண்ணீர் படியேறுகிறது. அச்சகத்தில் கேட்டால், "கேன்வாஸ்னா அந்த அளவு இருக்கும் சார்" என்றார்கள். இருக்கும்தான், ஒத்துக்கொள்கிறேன். தினமும் பார்ப்பது அவர்களா? ஈரக்காற்றில் துணி தளர்ந்தபோது பின்மூலையில் இருந்த மர ஆப்புகளை லேசாகத் தட்டியதும் விறைத்துக்கொண்டது. அந்த மட்டில் வேலை ஒழுங்கு. இந்த இரண்டு மில்லிமீட்டருக்கு மட்டும் ஆப்பு இல்லை.

நண்பரிடம், "ஒற்றைச் சட்டமாகவே போடுங்க. ஆட்களை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டு வேண்டாம், யாராவது ஒருத்தர் காது சந்துக்குள் போகும்" என்றேன். அப்புறம் நான் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டார். எனக்கு அடுத்ததும் மூன்று பேனல்தான். அடிவானமே இல்லாத காட்டுப் படம் ஒன்றில் வெட்டுக் கோடு போட ஆரம்பித்தாயிற்று.