எல்லாரும் ஒரே நேரத்தில் ஏற்றினால்: பல்க் கிரியேட்டா, காப்பியா?

மதிப்பெண் பதிவேற்றும் ஒரு செயலியில்தான் இதில் அடிபட்டேன். கடைசி நாள் மாலை. ஒரே பாடத்தின் பட்டியலை ஆசிரியர் பதிவெண் வரிசையில் ஏற்றுகிறார். அதே நேரத்தில் அலுவலகத்தில் ஒருவர் அதையே பெயர் வரிசையில் ஏற்றுகிறார். இந்தப் பக்கம் பதிவெண் 21-இன் வரியை லாக் செய்துவிட்டு (வேறு யாரும் மாற்றாமல் பூட்டிவிட்டு) 57-க்குக் காத்திருக்கிறது, அந்தப் பக்கம் 57-ஐப் பிடித்துக்கொண்டு 21-க்குக் காத்திருக்கிறது. எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸ் ஒரு நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு, இது டெட்லாக் (இரண்டும் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும் முட்டுக்கட்டை) என்று ஒன்றை வெட்டிவிட்டது. நான் தனியாக ஏற்றிப் பார்த்தபோதெல்லாம் ஒரு குறையும் தெரியவில்லை.

அதனால் ஜாங்கோ (பைத்தானில் வலைச் செயலி எழுதும் கட்டமைப்பு), போஸ்ட்கிரஸ் செயலிக்கு வழி தேடும்போது வேகத்தை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். இரண்டு கோப்புகள் ஒரே மாணவரில் மோதினால் என்ன ஆகிறது? முதல் கேள்வி அதுதான்.

ஒவ்வொரு வரியாக சேவ் செய்யும் வழியில் ஒரு நன்மை உண்டு: எந்த வரியில் பிழை என்று துல்லியமாகச் சொல்லலாம். ஆனால் ஆயிரக்கணக்கான வரிக்கு அது சரிப்படாது. வரிக்கு ஒரு முறை சர்வருக்குப் போய்வர வேண்டும். ஆட்டோகமிட்டில் (ஒவ்வொரு கட்டளையும் உடனே நிலையாகப் பதியும் முறையில்) இருந்தால் வரிக்கு ஒரு கமிட் வேறு.

ஜாங்கோவின் பல்க் கிரியேட் பல வரிகளை ஒரே இன்சர்ட் கட்டளையில் அனுப்புகிறது. ஏற்கெனவே இருக்கும் வரியைத் தாண்டிப்போக ஜாங்கோ 2.2-இலும், புதுப்பிக்க 4.1-இலும் வசதி வந்தது. எழுதவும் எளிது. ஆனால் மாடலின் (டேபிளைக் குறிக்கும் ஜாங்கோ வகுப்பின்) சேவ் இதில் ஓடாது, சேமிப்பை மற்ற நிரலுக்குத் தெரிவிக்கும் சிக்னலும் கிளம்பாது. மொத்த மதிப்பெண்ணை அங்கே கணக்கிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஒரே கோப்பில் ஒரு மாணவர் இரண்டு முறை இருந்தால், புதுப்பிக்கச் சொன்ன கொயரி (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை) முழுவதும் தோற்றுவிடும். தாண்டிப்போகச் சொன்னாலோ, தாண்டிய வரிகளுக்கும் ஐடி எண் செலவாகிறது. மதிப்புகளைத் தனியாக அனுப்பி சர்வர் பக்கம் பைண்ட் செய்தால் (கொயரியோடு இணைத்தால்) ஒரு கொயரிக்கு 65,535 மதிப்புகள்தான். எட்டு நெடுவரிசை டேபிளுக்கு 8,191 வரியோடு நின்றுவிடும்.

தரவை மொத்தமாக ஏற்றும் போஸ்ட்கிரஸ் கட்டளையான காப்பிதான் வேகத்தில் முதலிடம். பலர் சேர்ந்து ஏற்றும்போது டேபிளை நீட்டுவதில் (புது வரிகளுக்கு இடம் சேர்ப்பதில்) இருந்த நெரிசலை 2023-இல் வந்த போஸ்ட்கிரஸ் 16 நன்றாகவே குறைத்தது. ஆனால் காப்பிக்கு ‘ஆன் கான்ஃப்ளிக்ட்’ (வரி ஏற்கெனவே இருந்தால் தாண்டு அல்லது புதுப்பி என்று இன்சர்ட்டில் சொல்லும் பகுதி) கிடையாது. ஒரே ஒரு பதிவெண் ஏற்கெனவே இருந்தால் மொத்தக் கோப்பும் திரும்பிவிடும். போஸ்ட்கிரஸ் 17-இல் வந்த பிழை தாண்டும் வசதி எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் உதவும், ஒரே பதிவெண் மீண்டும் வரும் யூனிக் மோதலுக்கு உதவாது.

சரி, என் தேர்வு இரண்டும் கலந்தது. முழுவதும் பதியும், இல்லையென்றால் எதுவுமே பதியாது என்ற டிரான்சாக்‌ஷனுக்குள் ஒரு தற்காலிக டேபிள், அதில் காப்பி, அப்புறம் இரட்டை வரிகளை நீக்கி, பதிவெண்படி வரிசைப்படுத்தி, ‘ஆன் கான்ஃப்ளிக்ட்’ போட்டு உண்மையான டேபிளுக்கு ஒரே இன்சர்ட். எல்லாரும் ஒரே வரிசையில் லாக் எடுப்பதால் ஒருவர் மற்றவருக்குக் காத்திருப்பாரே தவிர, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். பதிவேற்றத்துக்கு ஒரு தற்காலிக டேபிள் என்றால் டேபிள்களின் விவரங்களை வைத்திருக்கும் போஸ்ட்கிரஸின் கேட்டலாக் டேபிள்கள் வீங்கும், அது உண்மை. சில நூறு வரிகள்தான் வரும் என்றால் இவ்வளவு வேண்டாம். பட்டியலைப் பைத்தானிலேயே வரிசைப்படுத்திவிட்டு பல்க் கிரியேட்டுக்குக் கொடுத்தால் போதும்.

எதை எடுத்தாலும் சோதனைதான் பெரிய வேலை. எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில் ஓட்டாதீர்கள், அங்கே ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும், நம் மோதல் அங்கே நடக்கவே நடக்காது. ஜாங்கோவின் வழக்கமான சோதனை வகுப்பான டெஸ்ட்கேஸும் ஆகாது. அது எல்லாவற்றையும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் வைப்பதால், நீங்கள் போட்டு வைத்த தரவு மற்ற த்ரெட்களின் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகளின்) கனெக்‌ஷனுக்குத் தெரியாது. டிரான்சாக்‌ஷன் டெஸ்ட்கேஸ் எடுங்கள். த்ரெட் முடியும்போது அதன் கனெக்‌ஷனை மூடுங்கள், இல்லையென்றால் கடைசியில் டெஸ்ட் டேட்டாபேஸை அழிக்க முடியாமல் நிற்கும்.

நான் எழுதுவது இப்படி: ஐயாயிரம் வரி, இரண்டு த்ரெட், ஒன்றுக்கு நேர் வரிசை, மற்றதற்குத் தலைகீழ். கோப்பைப் படித்து முடித்த பிறகு, இன்சர்ட்டுக்குச் சற்று முன்னால் ஒரு பேரியர், அதாவது இரண்டு த்ரெட்டும் வந்து சேரும்வரை நிறுத்தி வைக்கும் தடுப்பு. அப்போதுதான் இரண்டும் சேர்ந்து பாயும். பைத்தானில் த்ரெட்டுக்குள் வெடிக்கும் பிழை சோதனையைத் தானாகத் தோற்கடிக்காது. த்ரெட்டின் முடிவை வைத்திருக்கும் ஃபியூச்சரின் ரிசல்ட்டைக் கேட்டு வாங்கினால்தான் அது வெளியே வரும். இதைத் தவறவிட்டு ரொம்ப நாள் பச்சை விளக்கை நம்பியிருந்தேன். கடைசியில் வரிகளின் எண்ணிக்கையோடு மதிப்பெண்களின் கூட்டுத்தொகையையும் சரிபார்க்கிறேன்.

எழுதி முடித்ததும் வரிசைப்படுத்தும் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டுச் சில முறை ஓட்டிப் பாருங்கள். டெட்லாக் வர வேண்டும். வரவே இல்லை என்றால் உங்கள் த்ரெட்கள் இன்னும் மோதவில்லை. பேரியர் இருக்கும் இடத்தைப் பாருங்கள்.