பதினெட்டு முடிந்த பிள்ளைக்கு வட்டாட்சியர் அலுவலகமா, நாகர்கோவிலா?

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை சிறப்புப் பள்ளியும் அங்குள்ள ஆசிரியரும் ஏதேனும் ஒரு வழியைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதன் பிறகு எந்த அலுவலகத்தின் படியேறுவது என்பதை வீட்டார்தான் தீர்மானிக்க வேண்டும். குமரி மாவட்டத்தில் அந்தத் தீர்மானத்தைப் பெரும்பாலும் பேருந்துத் தூரமே செய்துவிடுகிறது. களியக்காவிளையில் இருப்பவருக்குக் குழித்துறையின் வட்டாட்சியர் அலுவலகம் பக்கம், மாவட்டத் தலைநகரான நாகர்கோவில் தூரம். மலையடிவாரத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் தகப்பனுக்கு நாகர்கோவில் போய்வருவதென்றால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே பக்கத்தில் இருக்கும் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். என் தம்பிக்கு நாங்கள் செய்ததும் அதுதான்.

மாதந்தோறும் பணம் வரும் வழிகள் இரண்டு. ஒன்று, வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியம். அது 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. மற்றது, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை. அதே மாதத்தில் அது 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயானது. முன்னதற்கு வட்டாட்சியர் அலுவலகத்திலும், பின்னதற்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டையும் ஒருவரே பெற முடியாது என்பதால்தான் முதலில் எங்கே போகிறோம் என்பது முக்கியமாகிறது. வேறுபாடு மாதம் 500 ரூபாய், ஆண்டுக்கு 6,000 ரூபாய். எங்கள் வீட்டில் முதலில் ஓய்வூதியத்தை வாங்கிவிட்டுப் பிறகு மற்றதற்கு மாற முயன்றபோது, பழையது நின்றதற்கான கடிதம் கைக்கு வந்து புதியது தொடங்குவதற்குள் சில மாதங்கள் இரண்டுமே வராமல் போயின. இது யாருடைய குற்றம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் முதல் மனுவையே நாகர்கோவிலில் கொடுத்திருந்தால் அந்த மாதங்கள் கைவிட்டுப் போயிருக்காது என்பது மட்டும் விளங்குகிறது.

தொகையைவிடப் பெரிய வேறுபாடு, பராமரிப்பு உதவித்தொகைக்கு அறிவுசார் குறைபாடு என்பதே தனி வகையாகக் கருதப்படுவதுதான். உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு அங்கே சான்றிதழில் 75 விழுக்காடு குறைபாடு கேட்கப்படும் நிலையில், அறிவுசார் குறைபாட்டுக்கு 40 விழுக்காடே போதும். ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு சேர்ந்த திட்டமோ 80 விழுக்காட்டையும் வறுமைக்கோட்டையும் பார்க்கிறது. சான்றிதழில் விழுக்காடு எப்படி வருகிறது என்பதை அறிந்தால் இதன் பொருள் தெளிவாகும். அன்றாட வாழ்க்கைத் திறனை அளக்கும் சமூக முதிர்ச்சித் தேர்வில் மதிப்பெண் 55 முதல் 69 வரை இருந்தால் 50 விழுக்காடு, 36 முதல் 54 வரை 75 விழுக்காடு, 21 முதல் 35 வரை 90 விழுக்காடு, அதற்கும் கீழே 100 விழுக்காடு என்று மதிப்பிடுகிறார்கள். ஆக, கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்து, மிச்சக் காசை மட்டும் எண்ணத் தெரியாத இளைஞன்கூட நலத்துறையின் வரம்புக்குள் வந்துவிடுகிறான்.

சான்றிதழைப் பற்றி ஒரு சொல். சிறு வயதில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாங்கியது பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று பல வீடுகளில் சொல்வார்கள். மத்திய அரசின் வழிகாட்டுதல்களின்படி அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழை 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். 18இல் வழங்கப்படுவதுதான் வாழ்நாள் முழுவதும் செல்லும். எந்த மனுவுக்கும் முன்னால் அதையும், யுடிஐடி என்னும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது காப்பாளர் நியமனம். இதில் அவசரம் தெரியாமல் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். 18 வயது நிறைந்த அன்றே பெற்றோர் சட்டப்படி இயற்கைக் காப்பாளர் என்ற நிலையை இழந்துவிடுகிறார்கள். இது வீட்டில் ஒருவருக்கும் உறைக்காது. வங்கியிலோ, தாத்தாவின் பத்து சென்ட் தென்னந்தோப்பைப் பாகம் பிரிக்கும்போதோதான் உறைக்கும். இதற்கும் இரண்டு வழிகள் உண்டு. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அலுவலர், பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர்நிலைக் குழு காப்பாளரை நியமிக்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்ற நான்குக்கு மட்டுமே இது பொருந்தும். நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை என்பது இதன் பெரிய வசதி. பதிலுக்கு, நியமனம் பெற்றவர் ஆறு மாதங்களுக்குள் அந்தப் பிள்ளையின் சொத்து, கடன் விவரப் பட்டியலைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டு முடிந்தபின் மூன்று மாதங்களுக்குள் கணக்கும் காட்ட வேண்டும். அண்ணன் தம்பிகளுக்குள் சொத்துப் பேச்சு இருக்கும் குடும்பங்களில் இந்தக் கணக்கு ஒரு சுமை அல்ல, பாதுகாப்பு என்றே நான் நினைக்கிறேன்.

மற்ற வழி, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறும் வரையறுக்கப்பட்ட காப்பாளர். மாவட்ட நீதிமன்றமோ அரசு அறிவித்த அதிகாரியோ குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுகளுக்கு மட்டும் நியமிக்கும் இவர், அந்த நபரின் விருப்பத்தை ஒட்டி அவருடன் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும். தன் விருப்பத்தைச் சொல்லத் தெரிந்தவரின் வாழ்க்கை முழுவதையும் இன்னொருவர் கையில் ஒப்படைப்பது முறையல்ல என்பதால், 50 விழுக்காட்டுக்காரருக்கு இதுவே பொருத்தமானது. பேச்சும் புரிதலும் மிகக் குறைந்தவருக்கு ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாக அலைவது வீண் உழைப்பு. அவருக்கு உள்ளூர்நிலைக் குழுவே சரி.

மருத்துவக் காப்பீட்டில் ஒன்றை விட்டு ஒன்றை எடுக்கத் தேவையில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை தருகிறது என்றாலும், அது அறுவைச் சிகிச்சை, உள்நோயாளிச் சிகிச்சை போன்றவற்றுக்கானது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீடு 1 லட்சம் ரூபாய்தான். ஆனால் வருமான வரம்பில்லாமல், வெளிநோயாளிச் செலவு, மருந்து, தொடர் பயிற்சிச் சிகிச்சை ஆகியவற்றையும் ஏற்கிறது, எந்த மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம். சென்னை முட்டுக்காட்டில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தைவிடத் திருவனந்தபுரம் பல மடங்கு பக்கம் என்பதால் எல்லை தாண்டிச் சிகிச்சைக்குப் போகும் விளவங்கோட்டுக் குடும்பங்களுக்கு இந்த ஒரு விதி பெரிய உதவி. கேரளத்தின் ஓய்வூதியத்துக்கு அங்கே குடியிருப்பு வேண்டும். சிகிச்சைக்குப் போகிறவர்கள் அதில் கண் வைக்கக் கூடாது.

கடைசியாக, பெற்றோருக்குப் பின் என்ற கேள்வி. அரசு மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும், 14 வயதுக்கு மேற்பட்டோருக்கான தொழிற்பயிற்சியுடன் கூடிய இல்லங்கள் ஒருபுறமும், தேசிய அறக்கட்டளையின் கரோண்டா என்னும் வாழ்நாள் இல்லத் திட்டம் மறுபுறமும் இருக்கின்றன. 18 தாண்டியவருக்கே கரோண்டா. எங்கே இடம் கிடைக்கிறது என்பதே இங்கு பாதி முடிவைச் செய்துவிடும். வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் எண்ணமுள்ளவர்கள்கூட அதே அறக்கட்டளையின் சமர்த் திட்டத்தில் சில நாட்கள் தங்கவைத்துப் பார்க்கலாம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை நடந்த வாரத்தில்தான், முன்னரே ஒருமுறையாவது வேறிடத்தில் தூங்கிப் பழகியிருந்தால் தம்பி அந்த ஏழு இரவும் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்க மாட்டானே என்று எங்களுக்குத் தோன்றியது.