ரூ. 2,86,400 போச்சு: முதல் முறையாகக் கப்பல் சுற்றுலா புக் பண்ணுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

நேற்று மதியம் கப்பல் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. எங்கள் புக்கிங் எண்ணில் ஒரு பைசாகூடக் கட்டப்படவில்லையாம், செப்டம்பர் மாதமே அது ரத்தாகிவிட்டதாம். வருகிற டிசம்பர் 26 அன்று நானும் வீட்டுக்காரரும் மகளும் அப்பாவும் சிங்கப்பூரில் கப்பல் ஏற இருந்தோம். நாலு பேருக்கும் சேர்த்து ரூ. 2,86,400 கட்டியிருக்கிறேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திருச்சி. ஏமாற்றியது ஒரு டிராவல்ஸ். கடைவீதியில் மாடியில் ஏசி போட்டு, சுவர் முழுக்கக் கப்பல் படம் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன்.

ஏன் கப்பல் என்று சொல்லியாக வேண்டும். என் தாத்தா பினாங்கில் கடையில் கணக்கு எழுதியவர். ‘ரஜூலா’ கப்பலில்தான் போவார், வருவார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும், ஆட்களைப் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். ஏழு வயதில் அப்பா கரையில் நின்று அந்தப் படகைப் பார்த்துக்கொண்டே அழுததை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பிறகு ‘சிதம்பரம்’ கப்பல் வந்தது, 1985-ல் அதில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தே நின்றது. தாத்தா போன அந்தப் பினாங்குக்குக் கடல்வழியாகவே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. இப்போது அவருக்கு எழுபது முடிகிறது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பி மலேசியாவின் போர்ட் கிளாங், பினாங்கு துறைமுகங்களுக்குப் போய்த் திரும்புகிற மூன்று இரவுப் பயணம் இருப்பது தெரிந்ததும் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை.

அந்தக் கடைக்காரர் அப்பா சொன்ன கதையை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். டீ வரவழைத்தார். “ஐயா, பால்கனி கேபின்தான் போடுறேன். பினாங்கு கரை தெரியும்போது நீங்க ரூம்லேயே நின்னு பாக்கலாம்” என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். “அக்கா, நம்ம வீட்டுப் பெரியவர் மாதிரி, நான் பாத்துக்கறேன்” என்றார். நான் விழுந்தது அந்த இடத்தில்தான்.

தலைக்கு ரூ. 71,600. விமானம், விசா, ஒரு நாள் ஹோட்டல், கப்பல், வரி எல்லாம் அடக்கம் என்றார். ஒரு லட்சத்தை அங்கேயே யுபிஐ-யில் போட்டேன். மீதி 1,86,400-ஐக் கம்பெனி கணக்கில் போடாமல் ஒரு தனி ஆள் பெயருக்கு அனுப்பச் சொன்னார்கள். “எங்க அக்கவுண்டன்ட்தான்க்கா, ஜிஎஸ்டி மாறுது, அதான்” என்றார்கள். அந்தப் பணத்தில் ஒன்றரை லட்சம் அப்பா தன் எஃப்டி-யை உடைத்துக் கொடுத்தது.

கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். மீதிப் பணத்தை அனுப்பும் முன் புக்கிங் எண்ணை வாங்கி, கப்பல் கம்பெனிக்கு நானே போன் பண்ணினேன். “ஆமாம் மேடம், உங்கள் நாலு பேர் பெயரிலும் கேபின் இருக்கிறது” என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் பணம் அனுப்பினேன்.

அது எப்படி என்று இப்போதுதான் தெரிகிறது. ஏஜென்ட் பணமே கட்டாமல் சில நாளைக்கு ஒரு கேபினைப் பிடித்து வைக்கலாம். அப்போது கிடைக்கிற எண் நிஜமான எண்தான், நம் பெயரும் அதில் இருக்கும். கெடு தேதிக்குள் முன்பணம் போகாவிட்டால் அது தானாகவே ரத்தாகிவிடும். நமக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். நான் “புக்கிங் இருக்கா?” என்று கேட்டேன். “எவ்வளவு பணம் வந்திருக்கு, கெடு தேதி என்ன?” என்று கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு கேள்வி கேட்டிருந்தால் ரூ. 1,86,400 என்னிடமே இருந்திருக்கும்.

பதினாறு நாள் முன்பு ஆன்லைன் செக்-இன் பண்ண மகள் உட்கார்ந்தாள். எண்ணை எடுக்கவே இல்லை. அன்றிலிருந்து நடந்ததைக் கேளுங்கள். முதல் நாள், “சர்வர் பிரச்சினை, நாளைக்கு வந்துடும்”. மூன்றாம் நாள், “பீக் சீசன், புது நம்பர் தருவாங்க”. விமான டிக்கெட் எங்கே என்றால், “பத்து நாள் முன்னாடிதான் தருவோம், எல்லாருக்கும் அப்படித்தான்”. விசா? “போட்டாச்சு”. விண்ணப்ப எண்ணைக் கேட்டால் பதில் இல்லை. நேரில் போனால் டீ வாங்கிக் கொடுத்த அந்த மனிதர் எப்போதும் ‘சென்னை போயிருக்கிறார்’. முன்னால் உட்கார்ந்திருக்கிற பையன் பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது, வாரத்துக்கு ஒரு புது முகம். ‘அக்கா’ என்று கூப்பிட்ட வாய் ‘மேடம்’ என்று மாறியது. “போலீசுக்குப் போனா ரீஃபண்ட் இன்னும் லேட்டாகும் மேடம், பாத்துக்கங்க” என்று ஒரு மெசேஜ். போன வாரம் ரூ. 2,86,400-க்குப் பதிலாகக் ‘கிரெடிட் நோட்’ தருகிறேன், கோடையில் கோவா போய் வாருங்கள் என்றார். கோவாவாம்! எழுபது வயது மனிதரின் பினாங்குக்கு ஈடாகக் கோவா.

பில்லில் டிசிஎஸ் என்றும், அதாவது விற்பவரே நம்மிடம் பிடித்து அரசுக்குக் கட்டுகிற வருமான வரி என்றும், ஒரு தொகை போட்டிருந்தார்கள். வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு அதை வசூலித்தால் நம் பான் எண்ணில் கட்டியாக வேண்டும். வருமானவரித் தளத்தில் போய்ப் பார்த்தேன், ஒன்றுமே ஏறவில்லை. வரி என்று சொல்லியும் வாங்கித் தின்றிருக்கிறார்கள்.

ஸ்டேஷனில், “இது வியாபாரத் தகராறும்மா, சிவில்” என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்த பிறகுதான் மனுவை வாங்கினார்கள். சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லியாயிற்று. நாம் கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். அதற்குத்தான் இப்போது தாள்களை அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. “போனாப் போகுது விடும்மா” என்கிறார். கப்பலில் போட்டுக்கொள்ள வாங்கின கேன்வாஸ் ஷூவை நேற்று ராத்திரி திரும்பப் பெட்டியில் வைத்துப் பரண் மேல் போட்டுவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதல் கப்பல் பயணத்துக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். முடிந்தால் கப்பல் கம்பெனியிடமே நேராகக் கட்டுங்கள், கிரெடிட் கார்டில் கட்டுங்கள், அதில் பேங்கிடம் சண்டை போட ஒரு வழியாவது இருக்கும். பணம் வந்து சேர்ந்ததா என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். கப்பலில் தினசரி டிப்ஸ் தலைக்கு இவ்வளவு என்று தனியாகப் பிடிப்பார்கள், ‘எல்லாம் அடக்கம்’ என்றால் அது உண்டா என்று கேளுங்கள். சிங்கப்பூரை விட்டுப் போய் மறுபடி நுழைவதால் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும்.

அந்த டிராவல்ஸ் கடை பத்தரை மணிக்குத் திறக்கும். ரசீது, மெசேஜ், மெயில் எல்லாம் மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். ரூ. 2,86,400. ஒரு ரூபாய் குறைத்தும் வாங்க மாட்டேன். இதே மாடியில் டிசம்பர், ஜனவரி பயணத்துக்குப் பணம் கட்டினவர்கள் இருந்தால் இன்றைக்கே கப்பல் கம்பெனிக்குப் போன் பண்ணுங்கள். நாளை வரை வைத்திருக்காதீர்கள்.