ஓக்ரே: தேய்ந்த ரோமானியக் காசுக்குப் பெயர் தேட ஒரு தளம்

மொத்தமாக வாங்கிய பத்து ரோமானிய வெண்கலக் காசுகளில் இது ஏழாவது. 17 மில்லிமீட்டர் அகலம், 2.3 கிராம் எடை. படம் எடுத்துக் காட்டினால் பெயர் சொல்லும் செயலி ஒன்றில் முதலில் முயன்றேன். 'ஹாட்ரியன், வெள்ளி டெனாரியஸ்' என்றது. பச்சைக் களிம்பு ஏறிய காசு ஐயா அது! வெளிச்சத்தை மாற்றி இன்னொரு படம் எடுத்தேன். ஹாட்ரியன் போய் டிராஜன் வந்தார். செயலியை நீக்கிவிட்டேன்.

அப்புறம்தான் ஓக்ரே பக்கம் வந்தேன். முழுப்பெயர் ஆன்லைன் காயின்ஸ் ஆஃப் தி ரோமன் எம்பயர். அமெரிக்க நாணயவியல் சங்கமும் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பண்டைய உலக ஆய்வு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. காசைப் பற்றிய தளம், காசு கேட்பதில்லை. சேகரிப்பாளர்கள் 'ஆர்ஐசி' (ரோமன் இம்பீரியல் காயினேஜ்) என்று சொல்லும் பத்துத் தொகுதி அட்டவணைதான் இதற்கு அடிப்படை: கி.மு. 31 முதல் கி.பி. 491 வரை, 40,000க்கும் அதிகமான வகைகள்.

ஆனால் காசை நீங்கள்தான் படிக்க வேண்டும். எனக்கு இது பிடித்துப்போனதே அதனால்தான்.

விளக்கை மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விட்டு எழும். அப்படித்தான் பின்பக்கத்தில் இரண்டு வீரர்களும் அவர்கள் நடுவே கொடிக்கம்பங்களும் தெரிந்தன. 'குளோரியா எக்ஸெர்சிடஸ்', அதாவது படையின் புகழ். கம்பம் இரண்டு என்றால் ஏறக்குறைய கி.பி. 330 முதல் 335 வரை. ஒன்றுதான் என்றால் அதற்குப் பிந்தையது, காசும் சிறுத்து எடையும் குறைந்திருக்கும். என் காசில் இரண்டு.

முன்பக்கம்தான் படுத்தி எடுத்தது. யார் முகம் இது? பேரரசர் கான்ஸ்டன்டைன், அவர் மகன் இரண்டாம் கான்ஸ்டன்டைன், இன்னொரு மகன் கான்ஸ்டான்டியஸ். மூன்று பெயரும் ஒரே மாதிரிதான் தொடங்கும், வித்தியாசப்படும் இடத்தில்தான் என் காசு மழுங்கியிருந்தது. சரி, தலையைச் சுற்றி ஓடும் எழுத்து வரியின் இரண்டு முனைகளையும் பார்ப்போம் என்று பார்த்தேன். கான்ஸ்டான்டியஸின் வரி தொடங்கும் 'எஃப்எல் ஐவிஎல்' (ஃப்ளேவியஸ் ஜூலியஸ்) இதில் இல்லை, நேராகவே 'கான்'. கான்ஸ்டான்டியஸ் கழிந்தார். முடிவில் 'நோப் சி', அது சீசர் என்ற இளவரசப் பட்டம். அப்பா 'மேக்ஸ் ஆக்' என்று பேரரசர் பட்டம் போட்டுக்கொள்வார். தலையிலும் அப்பா அணியும் மணிப்பட்டை இல்லை, இலைமாலைதான். ஆக, இரண்டாம் கான்ஸ்டன்டைன்.

வீரர்களின் காலுக்குக் கீழே 'எஸ்எம்டிஎஸ்', கடைசியில் ஒரு 'ஈ'. 'டிஎஸ்' என்றால் தெசலோனிகா நகரின் அக்கசாலை, அதாவது காசு அடித்த இடம்; 'ஈ' ஐந்தாம் எழுத்து, அதனால் அங்கே ஐந்தாம் பட்டறை. ஓக்ரேயில் ஆளையும் அக்கசாலையையும் தேர்ந்தெடுத்து, பின்பக்க வரியில் 'குளோரியா' என்று போட்டால் பட்டியல் மளமளவென்று சுருங்குகிறது. அருங்காட்சியகங்களில் இருக்கும் காசுகளின் படங்களும் கூடவே வரும்போது, நம் காசைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். எல்லா வகைக்கும் படம் கிடையாது. காசு அசலா போலியா என்பதும் இதன் வேலை இல்லை. எழுத்தே தெரியாத மொட்டைக் காசுக்கு இங்கே வந்து பயனில்லை.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

எட்டாவது காசில் கிரேக்க எழுத்துகள் தெரிகின்றன. அப்படியானால் மாகாண நாணயமாக இருக்கலாம். அதற்கு ரோமன் ப்ரொவின்சியல் காயினேஜ் என்று தனித் தளம் இருக்கிறது. சனிக்கிழமை உட்கார வேண்டும்.