ஐந்து வருடம் கல்லடிச் சுவரில் ஓடிய படங்கள்

2020 பெப்ரவரியில் ஒரு சின்ன எல்ஈடி புரொஜெக்டர் வாங்கினேன். மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவருக்கு வெள்ளை பெயின்ற் அடித்து, பாய் விரித்துப் படம் பார்க்கத் தொடங்கி ஐந்து வருடம் தாண்டிவிட்டது. வாங்கிய கிழமையே எழுதியிருந்தால் பாராட்டு மட்டும்தான் எழுதியிருப்பேன்.

பெட்டியில் '1080' என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது மெசின் உள்ளே வாங்கிக்கொள்ளும் படத்தின் புள்ளி அளவு. சுவரில் விழுவது 1280க்கு 720 புள்ளிதான். மூன்று மாதம் கழித்துத்தான் இது தெரியவந்தது, அதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனால் உண்மையான குறை அதுவல்ல. இந்த மெசினுக்குக் கறுப்பு நிறம் வராது. இருட்டெல்லாம் சாம்பலாகத்தான் விழும். 2019இல் வந்த 'பரசைட்' படத்தின் நிலவறைக் காட்சிகளில் முகம் எது சுவர் எது என்று தெரியவில்லை. அதைப் பிறகு ரீவியில் திரும்பப் பார்த்தோம்.

பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களோ இதில் உயிரோடு நிற்கின்றன. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) அப்படித்தான். அவர் பிறந்த அமிர்தகழி எங்களுக்குப் பக்கம், மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போகும்போதெல்லாம் கடக்கிற ஊர். கட்டி முடியாத வீட்டுக்குள் தாத்தா தனியே நடந்து சுவரைத் தடவிப் பார்க்கும் இடத்தில் பேச்சே இல்லை, இளையராஜாவின் இசை மட்டும். ஏழடி அகலத்தில் அந்தக் கை எங்கள் சுவரையே தடவுவது போல இருந்தது. போனில் இதே காட்சியை முன்பு ஓட்டித் தள்ளியிருக்கிறேன். பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் பார்த்தோம். அந்தத் தகப்பனும் பிள்ளையும் நடக்கும் வெயில் எங்கள் முற்றத்திலும் அன்று காய்ந்திருந்தது.

சத்யஜித் ரேயின் வங்காளப் படம் 'பதேர் பாஞ்சாலி'யை (1955) அம்மம்மாவுக்காகப் போட்டேன். கீழே ஓடும் ஆங்கில வரிகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதிக்குமேல் அவ கேட்கவில்லை, தேவைப்படவும் இல்லை. கிழவி தண்ணீர் கேட்க, வீட்டுக்காரி எழும்பாமல் இருக்கும் இடத்தில், "தண்ணிதானே மனே கேட்டா, எடுத்துக் குடுத்தா என்ன?" என்றா. பிறகு மூங்கில் காட்டில் அந்த வீட்டுச் சிறுமி துர்க்கா தொட்டதும் கிழவி சரிந்து விழ, அம்மம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. படம் முடிந்தும் லைட் போட விடவில்லை.

2022இல் கரண்ட் வெட்டின நாட்களில் குரோசாவாவின் ஜப்பானியப் படம் 'செவன் சாமுராய்' 207 நிமிடத்தையும் மூன்று இரவாகப் பிரித்துப் பார்த்தோம். கடைசி மழைச் சண்டைக்கு முதல்நாள் பிள்ளைகள் நித்திரை கொள்ளவேயில்லை.

பராமரிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டாம் வருடம் படத்தின் நடுவில் ஒரு மங்கல் கறை வந்தது. காற்றுத் துவாரம் வழியாகப் போன தூசி உள்ளே கண்ணாடியில் படிந்திருந்தது. கடற்கரை வீட்டில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். திருகாணி கழற்றி, கையால் அமத்தும் காற்றுப் பம்பால் ஊதித்தான் எடுத்தேன். அதன்பிறகு பார்த்து முடிந்ததும் சூடு ஆறவிட்டு, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பைக்கற்றுகளோடு பிஸ்கட் ரின்னுக்குள் மூடி வைக்கிறேன். மாரி காலத்தில் இது கட்டாயம். காற்றாடிச் சத்தத்துக்கு மட்டும் வழியில்லை. ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் படங்களில் ஆட்கள் மௌனமாக இருக்கும்போது அது காதில் உறுத்துகிறது. ஸ்பீக்கரைத் தனியாகச் சுவர்ப் பக்கம் வைத்தால் கொஞ்சம் குறையும்.

வாங்குகிறவர்கள் கடையில் 'நேட்டிவ்' அளவு, அதாவது சுவரில் உண்மையாக விழும் புள்ளி அளவு, என்ன என்று வாய் திறந்து கேளுங்கள். உள்பாகம் தூசி போகாமல் அடைத்த மொடலா என்றும் பாருங்கள். என்னுடையதில் வெளிச்சம் இப்போது முதல் வருடத்தைவிடக் குறைவு, ஆனாலும் மாற்றும் எண்ணம் இல்லை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் சிங்களப் படம் 'ரேகாவ' (1956) வரும் வெள்ளிக்கிழமைக்கு. அம்மம்மா இப்போதே கேட்டுவிட்டா, அதில் கிழவி யாராவது சாகிறாவா என்று.